பாட்டோடு வந்த இரைச்சல்

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் செங்கல் சூளைகளும் இரயில்வே குடியிருப்புகளும் நம் நினைவுக்கு வரும். அக்காலக் கிராமபோன் பெட்டி, கையால் முறுக்கும் வில்லின் விசையால் ஓடியது. அதில் ஊசி உரசும் ஓசை உண்டு. 'உம்' என்னும் இரைச்சல் இல்லை. அது மின்சாரத்தோடு வந்த விருந்தாளி.

1894-இல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி அமைத்தனர். 1895-இல் கோலாலம்பூர் இரயில் நிலையங்களில் மின்விளக்கு எரிந்தது. இன்று நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. இசைத்தட்டின் காந்த ஊசிமுனை தருவதோ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. அதைப் பெருக்கும்போது அந்த அலையும் புகுந்து பெருகிவிடுகிறது.

ஊசியைத் தூக்கியபின்னும் இரைச்சல் கேட்டால், குற்றம் இசைத்தட்டில் இல்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பெட்டியின் மெல்லிய எர்த் கம்பி ஆம்பிளிபயரின் திருகில் இறுகியுள்ளதா என்று பார்ப்போம். ஒலிக்கம்பியை மின்கம்பியிலிருந்து விலக்கி வைப்போம். ஆனால் மூன்று முனைப் பிளக்கின் எர்த் இணைப்பை ஒருபோதும் துண்டிக்கலாகாது, அது உயிர்காப்பு.

ஒரு கம்பி தளர்ந்ததற்காக, தாத்தா சேர்த்துவைத்த இசைத்தட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் போடுவானேன்?