மண்ணுக்குள்ள கிடந்த த்ரீ நொட் த்ரீ

போன வருசம் எங்களில் ஒருத்தியின் வீட்டில, புதுக்குடியிருப்புப் பக்கம், மலசலகூடத்துக்குக் குழி வெட்டேக்க ஒரு துவக்கு வந்தது. மரம் உக்கிப்போச்சு, இரும்பு மட்டும் மிச்சம். அவளின்ர அம்மப்பா தள்ளி நிண்டே சொன்னார்: "உது த்ரீ நொட் த்ரீ. அந்தநாள் பொலிஸ்காரற்ர. ஒருத்தரும் தொடாதையுங்கோ, உள்ள ரவை கிடக்கும்."

வைச்சிருக்கிறதா, குடுக்கிறதா? வரலாறு படிக்கிற எங்களுக்கு முதல் வந்த ஆசை வைச்சிருக்கத்தான்.

லீ-என்ஃபீல்ட் எண்ட இந்த றைஃபிளைப் பிரித்தானியப் படை 1895இல் ஏற்றது. பத்து ரவை போடலாம். ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ள வேணும். இரண்டு உலகப் போர்களிலும் சுட்டது இதுதான். வெள்ளைக்காரன் போன பிறகும் இது போகேல்லை. உலகப்போரில் மிஞ்சிய துவக்குகள் எங்கட பொலிஸ் நிலையங்களில் பல காலம் கிடந்தன. பிறகு இயக்கங்கள் அங்க போய்ப் பறித்தன. 1982 ஒக்ரோபரில் சாவகச்சேரிப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது ஓர் உதாரணம்.

இதே கேள்வி ஒரு முறை முழு இனத்துக்கும் வந்தது. 1987 ஜூலை 29இல் இலங்கை-இந்திய ஒப்பந்தம். ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஓகஸ்ட் 5இல் பலாலியில் கையளிப்பு நடந்தது. ஒக்ரோபர் 10இல் திரும்பவும் சண்டை.

"வென்ற ஆக்கள் காட்சிக்கூடம் வைக்கலாம், நாங்கள் ஒரு துருப்பிடிச்ச இரும்பை வைக்கக் கூடாதோ?" எண்டு எங்களில் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். 1765இல் கண்டியில் ஒல்லாந்தர் பறித்த லெவ்கே பீரங்கி 2023இல் திரும்பி வந்து கொழும்பில் காட்சிக்கு இருக்கு. ஆனா அதை வைச்சிருந்தவை செத்து இருநூறு வருசத்துக்கு மேல. இதைப் புதைச்சவர் இப்பவும் எங்கயோ கடையில நிக்கலாம். இல்லாட்டி அவரை அவற்ர அம்மா தேடிக்கொண்டிருக்கலாம். சட்டம் வேற: 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச்சட்டத்துக்குப் பழசு, புதுசு எண்டு இரக்கமில்லை.

அவளின்ர அம்மாவுக்குப் பயம் வேறொண்டு. "ஆர் புதைச்சது எண்டு கேட்டால் என்ன சொல்றது?" எங்களிட்டைப் பதில் இருக்கேல்லை.

கடைசியில் தொடாமல் படம் எடுத்தம், ஆழம் அளந்தம், அம்மப்பா சொன்னதை எழுதினம். அதுக்குப் பிறகு கிராம சேவகரிட்டச் சொன்னம். வந்து எடுத்துக்கொண்டு போச்சினம். அம்மப்பாவை ரெண்டு தரம் விசாரிச்சவை. குழி இப்ப நாலு முழம் தள்ளி வெட்டியிருக்கு.