கொட்டகலையில் ஏன் சைக்கிள் இல்லை?

 

போன கிழமை எட்டாம் தரத்தில் வரலாற்றுப் பாடம். லீவுக்கு யாழ்ப்பாணம் போய் வந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், அங்க டீச்சர்மாரு, பேங்குல வேலை செய்றவங்க எல்லாம் சைக்கிள்ல போறாங்க. நம்ம ஊருல மட்டும் ஏன் யாரும் சைக்கிள்ல வேலைக்குப் போறதில்ல?" பின் வாங்கிலிருந்து ஒருவன் "மேடு சேர்" என்றான். இன்னொருவன் "மழை சேர்" என்றான். வகுப்பே சிரித்தது. மணியும் அடித்துவிட்டது.

மேடு, மழை இரண்டும் சரியான விடைகள்தான். ஆனால் அதோடு முடிகிற கேள்வி இல்லை அது. வகுப்பில் சொல்லக் கிடைக்காததை இங்கே எழுதுகிறோம். அந்தப் பிள்ளையின் வீட்டாரும் இதை வாசிப்பார்கள் என்று தெரியும்.

முதலில் மழையை எடுப்போம். இது ஒக்டோபர். தென்மேல் பருவம் முடிந்து, வடகீழ் பருவம் தொடங்குவதற்கு இடைப்பட்ட காலம். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். சுபஹ் தொழுதுவிட்டு வெளியே வந்தால் எதிர்மலை லயத்து விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பகல் ஒரு மணிக்கு மேல் கறுத்துக்கொண்டு வரும். பிறகு இடியோடு கொட்டும். பாடசாலை விடுவது ஒன்றரைக்கு. ஆக, போகும்போது நனையாத ஆசிரியர் வரும்போது கட்டாயம் நனைவார். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. நமக்கு அந்த அளவு இல்லை என்றாலும், நனைவதற்கு 5,000 மில்லிமீற்றர் தேவையில்லையே.

நனைவதை விடப் பெரிய பிரச்சினை பிரேக். பழைய ராலே, ஹம்பர் சைக்கிள்களில் இரும்புக் கம்பியை இழுத்தால் றப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும். ரிம் குரோமியம் பூசிய இரும்பு. காய்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். ஈரம் பட்டால் கட்டை வழுக்கும். சில சுற்றுச் சுற்றி ரிம்மில் உள்ள தண்ணீர் வழிந்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். தட்டையான ஊரில் அந்தச் சில சுற்று பெரிய விஷயமில்லை. ஹட்டன் வீதி இறக்கத்தில், முன்னால் ஒரு லொறி, பக்கத்தில் பள்ளம் என்றால் அந்தச் சில சுற்றில் ஆளே போய்விடுவார்.

எங்கள் வாப்பா கொட்டகலைக் கடைவீதியில் சின்னக் கடை வைத்திருந்தார். பழைய ராலே ஒன்று வாங்கி வைத்திருந்தார். ஹட்டனுக்குச் சாமான் எடுக்கப் போவது அதில்தான். ஏறும்போது தள்ளிக்கொண்டு போவார், இறங்கும்போது ஏறி வருவார். பாதி வழி சைக்கிள் அவரைச் சுமந்தது, மீதி வழி அவர் சைக்கிளைச் சுமந்தார் என்று உம்மா சொல்லிச் சிரிப்பார். ஒரு ஐப்பசி மழையில், கரியரில் பருப்பு மூட்டையோடு இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. செருப்புக் காலை ரோட்டில் தேய்த்துப் பார்த்திருக்கிறார். நிற்கவில்லை. கானுக்குள் விழுந்தார். கை எலும்பு வெடித்தது. பருப்பு முழுக்க நனைந்துவிட்டது. அந்தப் பருப்பைப் பற்றித்தான் வாப்பா கடைசிவரை பேசினார், கையைப் பற்றிப் பேசவேயில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்குக் கணிதம் படிப்பித்த ஒரு சேரும் நினைவுக்கு வருகிறார். தன் சைக்கிளைக் கோச்சியில் போட்டுக் கொண்டுவந்தார். ஒரு மாதம் ஓட்டினார். மட்காட்டுக்கும் சில்லுக்கும் இடையில் சிவப்புக் களி அடைத்துச் சில்லே சுற்றவில்லை. அடுத்த லீவுக்கு அதே கோச்சியில் சைக்கிள் திரும்பிப் போய்விட்டது.

இது மேடும் மழையும் பற்றிய கதை. இனி வரலாற்றுக்கு வருவோம்.

நமது ஊருக்கு ரயில் வந்தது சைக்கிளுக்கு முன்னால். 1874இல் நாவலப்பிட்டி வரை வந்த பாதை, 1884இல் ஹட்டனுக்கு வந்தது. சிங்கமலையைக் குடைந்து, ஏறக்குறைய 560 மீற்றர் சுரங்கம் போட்டு, கொட்டகலை வழியாகத் தலவாக்கலைக்குப் போனது. 1885இல் நானுஓயா. அதே 1885இல்தான் இங்கிலாந்தில் கொவென்றி நகரத்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவு, பின்சில்லுக்குச் செயின். இன்று நாம் சைக்கிள் என்று சொல்லும் உருவம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. காற்றடித்த டயருக்கு டன்லொப் 1888இல் காப்புரிமை எடுத்தார். ஆகவே, நானுஓயாவுக்குக் கோச்சி ஓடிய நாளில் உலகத்திலேயே காற்றடித்த டயரோடு ஒரு சைக்கிள் இல்லை.

ரயில் வந்தது நமக்காக இல்லை, கோப்பிக்கும் தேயிலைக்கும் என்பது தெரிந்ததுதான். தேயிலைப் பெட்டியை இறக்க 44 அடிக்கு ஒரு அடி ஏற்றத்தில் மலையைச் சுற்றித் தண்டவாளம் போட்டவர்களுக்கு, மேடு ஒரு தடையாக இருக்கவில்லை. தேவை இருந்தால் மேட்டுக்கு வழி பிறக்கும். அப்படியானால் தொழிலாளி வேலைக்குப் போய்வர ஏன் யாரும் வழி தேடவில்லை?

தேட வேண்டியிருக்கவில்லை என்பதே பதில். 'வேலைக்குப் போய்வருதல்' என்ற ஒன்று தோட்டத்தில் இருக்கக் கூடாது என்ற கணக்கில்தான் தோட்டமே அமைக்கப்பட்டது. லயம் தோட்டத்துக்குள். பெரட்டுக்களம் லயத்துக்குக் கிட்ட. விடிய முன்னர் தப்பு அடித்தால் எல்லாரும் களத்தில் நிற்க வேண்டும். கடன் கங்காணியிடம், அரிசி தோட்டத்தில், பிள்ளைக்காம்பரா தோட்டத்தில், பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தால் அதுவும் தோட்டத்தில். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மழைக்குள் மலைக்கு ஏறினார்கள். அட்டைக் கடியோடு இறங்கினார்கள். வீட்டிலிருந்து வேலைக்குத் தூரம் இருந்தது, ஆனால் அது செங்குத்தான தூரம். ஒற்றையடிப் பாதையில், படியில், வாய்க்கால் ஓரத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை?

வேறு இடத்துக்கு வேலைக்குப் போகலாம் என்றாலும் வழியில்லை. 'துண்டு' என்று ஒரு முறை இருந்ததை நம் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கங்காணியும் இவருடைய ஆட்களும் பட்ட கடனை யார் கட்டுகிறாரோ, அவரிடம் இவர்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் அது. சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் எடுக்க மாட்டார்கள். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். உலகம் முழுக்கத் தொழிலாளி சைக்கிளில் ஏறி, 'இந்த ஆலை சரியில்லை, அடுத்த ஊர் ஆலைக்குப் போகிறேன்' என்று சொல்லத் தொடங்கிய காலம் அது. நம்மவர்கள் பக்கத்து மலைக்கு நடந்து போகவே துரையின் கையெழுத்து தேவைப்பட்டது.

துண்டு ஒழிந்த பிறகு? 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி மலையகத்தில் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். இதில் சைக்கிள் வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. வாங்கினாலும் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் எங்கே நிறுத்துவது? அடுப்பு, கொழுந்துக்கூடை, கோழி, நனைந்த கம்பளி, ஏழெட்டுப் பேர். வாப்பாவின் சைக்கிள் இரவில் கடைக்குள் நின்றது. கடை இருந்ததால் நின்றது. கடைவீதியில் இருந்தவர்களிடம் சைக்கிளும், லயத்தில் இருந்தவர்களிடம் காலும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம். அந்தச் சைக்கிளின் டயர் எதில் செய்தது? றப்பரில். பிரேசிலில் சேகரித்த விதை லண்டன் கியூ பூங்காவில் முளைத்து, 1876இல் கன்றாகக் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைக்கு வந்தது. சைக்கிளும் பிறகு மோட்டார் காரும் டயர் கேட்கக் கேட்க, கேகாலை, களுத்துறைப் பக்கம் றப்பர்த் தோட்டம் பரவியது. அங்கே பால் வெட்டியவர்களில் பலர் யார்? நம்மவர்களின் உறவுக்காரர்கள்தான். அவர்களும் மரத்துக்கு மரம் நடந்துதான் வெட்டினார்கள்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. தட்டையான சுண்ணாம்புக்கல் பூமி. வீடும் வளவும் சொந்தம், வேலை வேறு இடத்தில். இடையில் உள்ள தூரத்துக்குச் சைக்கிள். 1990களில் அரசாங்கம் எரிபொருளைத் தடுத்து வைத்திருந்தபோது விறகும் மரக்கறியும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். அங்கே கஷ்ட காலத்தில் சைக்கிள் கைகொடுத்தது, ஏனென்றால் நல்ல காலத்திலேயே அது வீட்டில் இருந்தது.

நமக்கு அந்தச் சோதனை 2022இல் வந்தது. பெற்றோலியக் களஞ்சியம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. பெற்றோல் மட்டும் இல்லை. ஜூன், ஜூலையில் பாடசாலைகளை மூடினார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கொடுத்தார்கள். நாட்டில் சைக்கிள் விலை கண்டபடி ஏறியது. எங்கள் ஆசிரியர் அறையிலும் இரண்டு பேர் வாங்கினார்கள், ஒருவர் கியர் உள்ளதாகவே வாங்கினார். ஓகஸ்ட் வரை ஓட்டினார்கள். ஒக்டோபர் மழை தொடங்கியதும் ஒன்று வீட்டு விறாந்தைக்குப் போனது. மற்றது மருமகனுக்குப் போனது. நாங்கள் மட்டும் ஓட்டினோமா என்று கேட்காதீர்கள். நடந்தோம். வழியில் கொழுந்து மலைக்குப் போகிற அக்காமார், "என்னா சேர், இன்னைக்கி நம்ம மாதிரி நடந்து வாறீங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

நம்ம பக்கம் சைக்கிளில் வேலைக்குப் போனவர் ஒருவரை மறக்கக் கூடாது. தபால்காரர். சிவப்புச் சைக்கிள், காக்கி உடுப்பு, மழைக்கு மேலே ஒரு றப்பர் கோட். ஆனால் அவருடைய சைக்கிள் லயம்வரை வராது. லயத்துக்கு விலாசம் இல்லை. கடிதமெல்லாம் தோட்டத்துப் பெயருக்கு, தோட்டத்து ஒபிசுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு. எங்களிடம் படித்து உயர்தரம் சித்தியடைந்த ஒரு பையனுக்கு வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. அவன் கையில் கிடைத்தபோது திகதி முடிந்து நான்கு நாள். கடிதம் மேசையில் கிடந்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றார்கள். இருக்கலாம். இப்போது அவன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் கூட லீவு கிடைப்பது கஷ்டம் என்று சொன்னான்.

இதனால்தான் அந்தப் பிள்ளையின் கேள்வி மனதில் நின்றது. இன்று லயத்துப் பிள்ளைகளில் தோட்டத்தில் பேர் பதிய விரும்புகிறவர்கள் குறைவு. ஹட்டனில் கடைக்கு, தலவாக்கலையில் கராஜுக்கு, கொட்டகலையில் கிளினிக்குக்கு, படித்தவர்கள் பாடசாலைக்கு என்று தினமும் போய்வருகிறார்கள். நூற்றைம்பது வருடம் கழித்து நம்மவர்களுக்கும் 'வேலைக்குப் போய்வருதல்' வந்திருக்கிறது. ஆனால் தோட்டத்து ரோட்டுக்குப் பஸ் வராத இடங்கள் எத்தனை? மெயின் ரோட்டுவரை மூன்று நான்கு கிலோமீற்றர் மழையில் நடந்து, நனைந்த சப்பாத்தோடு பஸ் ஏறும் பெண் பிள்ளைகள் எத்தனை? ஓட்டோவுக்குக் கொடுத்தால் சம்பளத்தில் பாதி போகிறது. 7 பேர்ச் காணியில் புது வீடு கிடைத்தவர்களுக்குச் சைக்கிள் நிறுத்த இடம் கிடைத்துவிட்டது. ரோடுதான் இன்னும் கிடைக்கவில்லை.

நாளை அந்த வகுப்பு மறுபடி இருக்கிறது. கேள்வி கேட்ட பிள்ளையிடம் அவள் வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம்வரை எத்தனை எட்டு என்று எண்ணி வரச் சொல்லியிருக்கிறோம். ஏறும்போது ஒருதரம், இறங்கும்போது ஒருதரம்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். முந்தி சைக்கிளுக்கு வருடா வருடம் லைசன்ஸ் எடுத்து, சின்னத் தகரத் தகடு அடிப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? வாப்பாவின் தகட்டை எங்கேயோ தொலைத்துவிட்டோம். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். லயத்து வீட்டில் யாராவது ஒருவர் அந்தக் காலத்தில் சைக்கிள் வைத்திருந்திருந்தால், அந்தக் கதையையும் கட்டாயம் எழுதுங்கள்.