பின்னால் பதுங்கும் ஜன்னல்

2006. கோபர்கைரனேயில் ஒன் ரூம் கிச்சன் வாடகை வீடு. சம்பளம் போதாமல் நானும் ஒரு அஃபிலியேட் பக்கம் நடத்தினேன். நம் சுட்டி வழியாகப் போய் யாராவது பொருள் வாங்கினால் கமிஷன். அமேசான் 1996-இல் பிரபலமாக்கிய வழி.

"பாப்-அண்டர் போடுங்க, வருமானம் ஏறும்" என்றார் அலுவலக நண்பர். போட்டேன்.

கொஞ்சம் வரலாறு. முன்னால் குதிக்கும் பாப்-அப், 1990-களில் டிரைபாட் தளத்தில் ஈதன் ஜுக்கர்மேன் எழுதியது. ஒரு கார் கம்பெனி விளம்பரம் ஆபாசப் பக்கத்தில் வந்துவிட, விளம்பரத்தைத் தனி ஜன்னலுக்குத் தள்ளினார்கள். பாப்-அண்டர் அதன் தந்திரக்காரத் தம்பி. பின்னால் பதுங்கியிருந்து, எல்லாவற்றையும் மூடும்போதுதான் தலைகாட்டும். எந்தத் தளம் திறந்தது என்று தெரியாது, திட்டும் விழாது. 2001-இல் எக்ஸ்10 என்ற கேமரா கம்பெனி இதை வாரி இறைத்தது, 2003-இல் திவால். 2004-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 பாப்-அப்களைத் தடுத்தது. ஆனால் நாம் க்ளிக் செய்தவுடன் திறப்பதை, நாமே கேட்டதாக நினைத்து விட்டுவிடும். அந்த ஓட்டையில்தான் பாப்-அண்டர் பிழைத்தது.

எனக்கும் சில டாலர் கூடியது. ஒருநாள் ஊரிலிருந்து அப்பா போன். பிரவுசிங் சென்டரில் என் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்.

"மூடினா பின்னாடி அசிங்கமா ஒரு படம் நிக்குதுப்பா. பக்கத்துல பொண்ணுங்க வேற. அந்த கம்ப்யூட்டர்தான் கோளாறு போல."

"ஆமாப்பா" என்றேன். அன்றிரவே எடுத்துவிட்டேன்.

ஜுக்கர்மேன் 2014-இல் உலகத்திடம் மன்னிப்புக் கேட்டார். நான் அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை.