ஆயிரத்தில் ஒன்று எதை அளக்கிறது? சேலம் – நாமக்கல் செம்புக் கம்பிகளில் இ-1 பிழை எச்சரிக்கை வரம்பு

செம்புக் கம்பி வழியே எச்.டி.எஸ்.எல். மோடம் வைத்துக் கொடுக்கப்படும் இ-1 இணைப்புகளில் ஒரு புகார் பழகிப்போனது. பேச்சின் நடுவே ‘டிக்’ என்ற சத்தம் கேட்கும், ஃபேக்ஸ் பாதியில் அறுந்துபோகும், ஆனால் இணைப்பகத்தில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது. பிழை வீதம் ஆயிரத்தில் ஒன்றைத் தொடாதவரை இணைப்பு நன்றாக இருக்கிறது, குறை வாடிக்கையாளரின் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியில்தான் என்பது இதுவரை எழுதப்பட்டுவந்த விளக்கம். இதை ஏற்பதற்கில்லை.

அவ்விளக்கம் ஊன்றி நிற்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.732 பரிந்துரையின் ஒரு கூற்றில். அக்கூறு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. பிழை வீதம் ஆயிரத்தில் ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால், சில விநாடிகளுக்குள் எச்சரிக்கை எழும் நிகழ்தகவு 0.95-க்கு மேல் இருக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒன்றோ அதற்குக் கீழோ இருந்தால், அது எழும் நிகழ்தகவு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். இடைப்பட்ட பகுதியில் கருவி எப்படி நடந்துகொண்டாலும் விதிமீறல் ஆகாது. ஆகவே இது நல்ல இணைப்பையும் பழுதான இணைப்பையும் பிரிக்கும் கோடு அன்று; கருவி தேற வேண்டிய சோதனை. ஒரே வரம்பு குறிக்கப்பட்ட இரு நிறுவனங்களின் கருவிகள் ஒரே கம்பியில் வேறுவேறாக நடந்துகொள்ள இதுவே போதும்.

இதைவிட முக்கியமானது, எச்சரிக்கைக்காக எண்ணப்படுவது எது என்பது. சட்டக ஒத்திசைவுக் குறியின் ஏழு பிட்டுகள் மட்டுமே எண்ணப்படுகின்றன. 512 பிட்டுக்கு ஒருமுறை வரும் அக்குறியில் விநாடிக்கு 28,000 பிட்டுகள்தான் உண்டு. இணைப்பில் ஓடுபவையோ 20,48,000. பிழைகள் சீராகச் சிதறி விழுந்தால் இந்தச் சிறு மாதிரி போதும். சேலம் – நாமக்கல் வட்டாரத்தில் அவை அப்படி விழுவதில்லை என்றே கருதுகிறேன்.

மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் கிணற்று மோட்டார்கள் ஆட்டோ ஸ்டார்ட்டரால் ஒருசேர ஓடத் தொடங்குகின்றன. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் விசைத்தறிகள் நாள் முழுவதும் நின்று நின்று ஓடுகின்றன. ஜாயிண்டில் ஈரம் இறங்கி, ஜோடியின் இரு கம்பிகளும் சமன் குலைந்த இடத்தில் இந்த மின் துடிப்புகள் உள்ளே புகுகின்றன.

50 மைக்ரோ விநாடி நீளும் துடிப்பு ஒன்று விநாடிக்கு ஒருமுறை விழுவதாகக் கொள்வோம். அது தொடும் பிட்டுகள் சுமார் 102. பாதி பிழையானால் மொத்த வீதம் நாற்பதாயிரத்தில் ஒன்று. அத்துடிப்பு ஒத்திசைவுக் குறியின் மேல் படுவது ஐந்தில் ஒருமுறைதான். பரிந்துரைப்படி கருவி வாய்திறக்கவே கூடாது. அது சரியாகவே நடந்துகொள்கிறது. ஆனால் அதே துடிப்பு ஒவ்வொரு முறையும் பேச்சைச் சுமக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று காலக்கூறுகளைக் கெடுக்கிறது. வாடிக்கையாளர் கேட்கும் ‘டிக்’ அதுதான்.

எல்லாப் பிட்டுகளையும் தொகுதி தொகுதியாகச் சரிபார்க்கும் சி.ஆர்.சி.-4 சோதனை இயக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. விநாடிக்கு 1,000 தொகுதிகளை அது சோதிக்கிறது. இத்தகைய துடிப்பால் கெட்ட தொகுதி அதன் கண்ணுக்குத் தப்பும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. மேற்சொன்ன இணைப்பில் ஏறத்தாழ 94 சதவீத விநாடிகள் பிழை விநாடிகளாக, அதாவது ஒரு கெட்ட தொகுதியாவது உள்ள விநாடிகளாக, பதிவாகும். 1993-இல் வந்த ஜி.826 இந்த வேகத்துக்கு, அதுவும் 27,500 கி.மீ. நீளும் பாதைக்கே, 4 சதவீதத்தைத்தான் அனுமதிக்கிறது.

எச்.டி.எஸ்.எல். மோடம் துடிப்பின் விளைவைச் சற்று நீட்டும் என்பது உண்மை. கணக்கின் போக்கை அது மாற்றாது. பிழை விநாடிகளுக்கும் எச்சரிக்கை வைத்தால் எச்சரிக்கைகள் குவிந்துவிடும் என்ற அச்சத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையைப் பதிவுசெய்து, உடனே ஆள் அனுப்பத் தேவையில்லாத தாழ்நிலை எச்சரிக்கையாக வைத்தால் போதும்.

ஆகவே ஆயிரத்தில் ஒன்று என்ற வரம்பை அப்படியே விட்டுவிட்டு, இரு முனையிலும் சி.ஆர்.சி.-4-ஐ இயக்கி, பிழை விநாடிக்குத் தனி வரம்பு வைக்க வேண்டும். அந்த வரம்பு மாவட்டம் முழுமைக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. அந்தந்த ஜோடி மழையில்லாத இரவில் காட்டும் எண்ணிக்கையிலிருந்து பெறப்பட வேண்டும். மறுமுனையில் கெட்ட தொகுதிகளை சி.ஆர்.சி.-4-இன் இ-பிட் இங்கேயே சொல்லிவிடுவதால், சேலத்தில் இருப்பவர் நாமக்கல் முனையின் நிலையையும் பார்க்கலாம். மோட்டார்தான் காரணம் என்ற என் கருத்தைச் சோதிக்கவும் இப்பதிவு உதவும். பிழை விநாடிகள் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் குவிந்தால் துடிப்புதான் காரணம். மழை நாட்களில் மட்டும், மின்சார நேரத்தோடு ஒட்டாமல் பரவியிருந்தால் ஜாயிண்டைத் திறந்து பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதக் கோடை இடியைத் தனியே பிரித்தெடுத்த பிறகே இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும்.