எத்தனை எச்பிங்க?

பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. கரையில் இருக்கும் விமானத் தளத்தையும் ஒரு கப்பலாகவே பாவித்துப் பெயர் சூட்டுவார்கள். பெரும்பாலும் பறவைப் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது அந்தக் கடற்படை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தளம் அமைத்தபோது, பறவைகளுக்கு உள்ளூர்ப் பெயர்களையே எடுத்துக்கொண்டது. தாம்பரம் தளத்தின் பெயர் ஹெச்.எம்.எஸ். வல்லூறு. கொச்சியில் இருந்தது கழுகு. இலங்கையின் புத்தளத்தில் ராஜாளிய. கோயம்புத்தூரில் இருந்த விமானப் பழுதுபார்ப்புத் தளம் கருடா. பக்கத்துச் சூலூர் தளம் வைரி. வைரி என்பதும் வல்லூறு இனத்துப் பறவைதான்.

இந்தத் தளங்களின் வேலை, இந்தியப் பெருங்கடலில் இருந்த விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு விமானம் தயார் செய்து தருவது, அடிபட்டு வந்ததைச் சரிசெய்வது. 1944 ஏப்ரல் 19 அன்று திருகோணமலையிலிருந்து போன கப்பல் படை சுமத்ராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கியது. அதில் பிரிட்டிஷ் கப்பலான இல்லஸ்ட்ரியஸிலிருந்து பறந்த போர் விமானம், அமெரிக்காவில் செய்த கோர்சேர். அன்று கடற்படை வைத்திருந்த முக்கியமான சண்டை விமானங்களில் அது ஒன்று. புத்தளத்தில் சேற்றில் நின்ற கோர்சேரை ஒரு யானை இழுப்பது போன்ற புகைப்படம்கூட உண்டு.

கோர்சேரை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதன் இறக்கை உடலிலிருந்து கிளம்பும்போது கீழ்நோக்கிச் சரிந்து, பிறகு மடங்கி மேல்நோக்கி எழும். முன்னாலிருந்து பார்த்தால் தட்டையாக விரித்த ஆங்கில டபிள்யூ எழுத்து மாதிரி இருக்கும். அழகுக்காகச் செய்ததல்ல அது. அதன் ப்ரொப்பெல்லர் தரையில் இடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக வந்த வளைவு. பெரிய ரேடியோ கன்ட்ரோல் விமானம் கட்டுகிற எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் அந்த வளைவில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரே என்ஜின், மூன்று விமானங்கள்

கோர்சேரின் மாதிரி விமானம் முதலில் பறந்தது 1940 மே 29 அன்று. வடிவமைத்த குழுவின் தலைவர் ரெக்ஸ் பெய்சல். கையில் இருந்த என்ஜின் பிராட் அண்ட் விட்னியின் டபுள் வாஸ்ப்: 18 சிலிண்டர், 46 லிட்டர் கொள்ளளவு, சுமார் 2000 குதிரைத்திறன். அவ்வளவு சக்தியைக் காற்றுக்கு மாற்ற 13 அடி 4 அங்குல விட்டமுள்ள ப்ரொப்பெல்லர் தேவைப்பட்டது. ஆனால் அவ்வளவு பெரிய ப்ரொப்பெல்லருக்கு உயரமான சக்கரக்கால் வேண்டும். கப்பல் தளத்தில் தொப்பென்று இறங்கும் விமானத்துக்கு நீண்ட, மெல்லிய கால் ஆகாது, ஒடிந்துவிடும். அதனால் இறக்கையையே கீழே வளைத்து, அந்தப் பள்ளத்தில் குட்டையான, உறுதியான காலை வைத்தார்கள். இறக்கை உடலைச் செங்குத்தாகத் தொட்டதில் காற்றுத் தடையும் குறைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மணிக்கு 405 மைல் வேகத்தைத் தொட்டது.

இதே டபுள் வாஸ்ப் என்ஜின்தான் ஹெல்கேட்டிலும் தண்டர்போல்ட்டிலும் இருந்தது. ஹெல்கேட்காரர்கள் வேறு வழியில் போனார்கள். தண்டர்போல்ட்டில், மடக்கும்போது தானே சுருங்கிக்கொள்ளும் சக்கரக்கால் வைத்தார்கள். ஒரே என்ஜினுக்கு மூன்று விடைகள். 1944 வாக்கில் தண்டர்போல்ட்டின் மெல்லிய ப்ரொப்பெல்லரை எடுத்துவிட்டுத் துடுப்பு மாதிரி அகலமான அலகுகள் கொண்டதை மாட்டினார்கள். என்ஜின் அதேதான், ஆனால் விமானம் மேலே ஏறும் வேகம் கணிசமாகக் கூடியது. அதுவரை என்ஜின் கொடுத்த சக்தியில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளவே இல்லை என்று அர்த்தம்.

இந்தப் பாடத்துக்கு இன்னும் பழைய ஆசிரியர்கள் உண்டு. ரைட் சகோதரர்கள் என்ஜினைக் கடைசியாகத்தான் தேடினார்கள். விமானத்தின் எடை என்ன, காற்றுத் தடை எவ்வளவு, ப்ரொப்பெல்லர் எவ்வளவு தள்ள வேண்டும் என்று கணக்கிட்ட பிறகு, 8 குதிரைத்திறன் இருந்தால் போதும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ப்ரொப்பெல்லருக்கு அன்று உருப்படியான கோட்பாடு கிடையாது. கப்பல்காரர்களின் நூல்களில் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், 'சுழலும் இறக்கை' என்று அதைக் கருதித் தாங்களே கணக்குப் போட்டார்கள். எட்டரை அடி விட்டத்தில் இரண்டு ப்ரொப்பெல்லர்கள். சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா, செயின் போட்டு வேகத்தைக் குறைத்து, நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்றுகள்தான் சுற்றவைத்தார்கள். அவர்களுடைய மெக்கானிக் சார்லி டெய்லர் செய்து கொடுத்த என்ஜின் 12 குதிரைத்திறன் தந்தது. அதே 1903இல் சாமுவேல் லாங்லியின் விமானத்தில் 52 குதிரைத்திறன் என்ஜின் இருந்தது, அருமையான என்ஜின். இரண்டு முறையும் விமானம் பொட்டோமக் ஆற்றில் விழுந்தது. விழுந்ததற்குக் காரணம் என்ஜின் அல்ல, உடலின் பலவீனமும் ஏவிய முறையும்தான். சக்தியை மட்டும் முதலில் தேடி மற்றதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு நல்ல உதாரணம்.

பம்ப்செட் ஊரின் கணக்கு

கொங்கு நாட்டில் எந்த மெஷினைக் காட்டினாலும் முதல் கேள்வி, "எத்தனை எச்பிங்க?" என்பதுதான். இயல்புதான். 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரைக் கொண்டுவந்த ஊர் இது. கிணற்றுக்கு மோட்டார், மில்லுக்கு மோட்டார், மாவாட்ட மோட்டார் என்று வளர்ந்த ஊர். ஆனால் அனுபவமுள்ள பம்ப் ஃபிட்டரிடம் போய் அஞ்சு எச்பி கொடுங்க என்று கேட்டுப் பாருங்கள். கிணறு எத்தனை அடி, தண்ணி எவ்வளவு தூரம் போகணும், பைப் என்ன சைஸ் என்று திருப்பிக் கேட்பார். இம்பெல்லர் முடிவான பிறகுதான் மோட்டார். சின்ன மோட்டாரில் பெரிய இம்பெல்லரை மாட்டினால் காயில் கருகிவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ப்ரொப்பெல்லரும் இம்பெல்லரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. வடிவம் மாறாமல் அளவை மட்டும் கூட்டினால், தேவைப்படும் சக்தி சுற்று வேகத்தின் மூன்றாம் படியாகவும் விட்டத்தின் ஐந்தாம் படியாகவும் ஏறும். விட்டத்தை 10 விழுக்காடு கூட்டி அதே வேகத்தில் சுற்ற வேண்டுமானால் 61 விழுக்காடு கூடுதல் சக்தி வேண்டும். இன்னொரு பக்கம், அதே சக்தியைக் கொண்டு நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் கிடைக்கும் உந்துவிசை, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளினால் கிடைப்பதைவிட அதிகம். பெரிசா, மெதுவா சுத்துறதுதான் லாபம். ஆனால் பெரியதைச் சுற்ற என்ஜினுக்குத் திராணி வேண்டும். மொத்தச் சிக்கலும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

இப்போது ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு கோர்சேர் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். இறக்கையின் நீளம் இரண்டரை மீட்டர். எடை 13 கிலோ என்று கொள்வோம். அசலின் ப்ரொப்பெல்லரை ஐந்தால் வகுத்தால் 32 அங்குலம். இந்த அளவு விமானத்துக்கு வழக்கமாகப் போடுவது 60 சிசி அளவிலான இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜின். இதன் பூர்வீகம் மரம் அறுக்கும் செயின்சாவும் புல்வெட்டும் மெஷினும்தான். பொள்ளாச்சித் தோப்புகளில் தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த ஜாதி. அது 22 அங்குல ப்ரொப்பெல்லரை நிமிடத்துக்கு 7000 சுற்று அளவில் சந்தோஷமாகச் சுற்றும்.

அதிலேயே 32 அங்குலத்தை மாட்டினால் என்ன ஆகும்? 32ஐ 22ஆல் வகுத்து ஐந்தாம் படி எடுத்தால் ஆறரை. 7000 சுற்றுக்கு ஆறரை மடங்கு சக்தி வேண்டும். இருக்கிற சக்தியிலேயே சுற்ற வேண்டும் என்றால் வேகம் 3750க்கு இறங்க வேண்டும். ஆனால் அந்த வேகத்தில் இந்த என்ஜின் தன் முழு சக்தியைத் தராது. எனவே அதற்கும் கீழே திணறி, சூடேறி நின்றுபோகும். அசல் விமானத்தில் இந்தச் சிக்கலைக் கியர் தீர்த்தது. 2700 சுற்றில் ஓடும் என்ஜினுக்கு முன்னால் ப்ரொப்பெல்லர் பாதி வேகத்தில் சுற்றியது. ரைட் சகோதரர்களின் செயின் செய்த அதே வேலை.

சரி, 22 அங்குலமே போடலாம் என்றால் அதிலும் ஒரு வில்லங்கம். கோர்சேரின் மூக்கு வட்டமான, தடித்த மூக்கு. மாடலில் சுமார் 11 அங்குல அகலம் வரும். 22 அங்குல ப்ரொப்பெல்லரில் பாதி விட்டம், அதாவது கால்வாசிப் பரப்பு, மூக்குக்கு முன்னால் வீணாகச் சுற்றும். 32 அங்குலமாக இருந்தால் எட்டில் ஒரு பங்குதான் மறைந்திருக்கும். மெல்லிய மூக்குள்ள பயிற்சி விமானத்தில் துள்ளிக்கொண்டு ஏறிய என்ஜின், தடித்த மூக்குள்ள போர் விமானத்தில் சோம்புவதற்கு இதுவே ஒரு முக்கியமான காரணம். என்ஜின் பட்டியலில் 'இத்தனை கிலோ விமானத்துக்கு இத்தனை சிசி' என்று போட்டிருக்கும் கணக்கில் இது வராது.

எனவே அந்த அளவு விமானத்துக்கு வழிகள் நான்கு. ஒன்று, 22 அல்லது 23 அங்குலத்தோடு சமாதானமாகி, காட்சிக்கு மட்டும் 32 அங்குலத்தை மாட்டுவது. ஸ்கேல் போட்டிகளில் பறக்கும்போது ப்ரொப்பெல்லரை மாற்றிக்கொள்ளப் பொதுவாக அனுமதி உண்டு. இரண்டு, பெல்ட் போட்டு வேகத்தைக் குறைப்பது. மூன்று, மோக்கி போன்ற ஐந்து சிலிண்டர் ரேடியல் என்ஜின். மெதுவாகச் சுற்றும், பெரிய ப்ரொப்பெல்லரை இழுக்கும், சத்தமும் அசல் மாதிரியே கேட்கும், ஆனால் எடையும் விலையும் கூடும். நான்கு, மின்மோட்டார். இங்கே ஒரு எச்சரிக்கை: பெட்ரோல் என்ஜினில் ப்ரொப்பெல்லர் பெரிதாகிவிட்டால் அது திணறி நம்மிடம் சொல்லிவிடும். மின்மோட்டார் சொல்லாது. கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சுற்றிக்கொண்டே இருந்து, காயிலைக் கருக்கும். கோவைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விட்டம் முடிவானால் பிட்ச். ஒரு சுற்றுக்கு ப்ரொப்பெல்லர் கணக்குப்படி எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதே பிட்ச். 22×10 என்றால் சுற்றுக்கு 10 அங்குலம். 7000 சுற்றில் மணிக்கு சுமார் 107 கிலோமீட்டர். நம் 13 கிலோ கோர்சேர், இறக்கைப் பரப்பை வைத்துப் பார்த்தால், மணிக்கு 42 கிலோமீட்டர் அளவில் மிதக்கும் பலத்தை இழக்கும். பிட்ச் வேகம் இதைப்போல் இரண்டரை மடங்காவது இருப்பது நல்லது என்பது பழகியவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். அதற்கு 22×10 பொருந்துகிறது. 22×8 மணிக்கு 85 கிலோமீட்டர்தான். தரையில் நன்றாக இழுக்கும், வானில் திருப்பத்துக்குத் திருப்பம் மூச்சு வாங்கும்.

இன்னொன்று, நம் வெயில். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சித்திரை மதியம் 37 டிகிரியில் இங்கே காற்றின் அடர்த்தி, பாடப்புத்தக அளவைவிடச் சுமார் 11 விழுக்காடு குறைவு. என்ஜினின் சக்தி அந்த அளவுக்குக் குறையும். ப்ரொப்பெல்லரின் சுமையும் அதே அளவு குறைவதால், சுற்று வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்! டேக்கோமீட்டரில் 7000 காட்டும், உந்துவிசை மட்டும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். காலையில் ஒழுங்காக ஏறிய விமானம் மதியம் ஓடுபாதை முடிவில் தவிப்பதற்குக் காரணம் இதுதான். நுனி மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் சுற்றும் ப்ரொப்பெல்லரோடு 13 கிலோ பொருள் ஆட்கள் நிற்கும் பக்கமாகச் சரிவது விளையாட்டல்ல.

வைரியின் ஓடுபாதை

வரிசை மாறினால் என்ன விலை என்பதற்குப் பெரிய அளவிலும் சாட்சி உண்டு. 1961 ஜூன் 17 அன்று பெங்களூரில் பறந்த ஹெச்.எஃப்-24 மாருத், கர்ட் டாங்க் தலைமையில் வடிவமைத்த இந்தியாவின் முதல் ஜெட் போர் விமானம். ஜெட்டுக்கு ப்ரொப்பெல்லர் இல்லை, ஆனால் உடலும் என்ஜினும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அதன் உடல், ஒலியைவிட மிக வேகமாகப் பறக்கவென்று வரையப்பட்டது. மனதில் வைத்திருந்த ஆர்ஃபியஸ் 12 என்ஜினை பிரிட்டன் கைவிட்டது. சக்தி குறைந்த ஆர்ஃபியஸ் 703ஐ இரண்டாகப் பொருத்தி 147 விமானங்கள் கட்டினார்கள். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் நன்றாகவே உழைத்தன. ஆனால் வரைந்த வேகத்தை அவை எட்டவே இல்லை.

சூலூர் தளத்தில் இப்போது வைரி இல்லை. இந்தியாவின் முதல் தேஜஸ் படைப்பிரிவு 2018இல் அங்கே வந்தது, இரண்டாவது 2020 மே மாதம் அங்கேயே தொடங்கியது. தேஜஸின் உடலும் இறக்கையும் நாம் வரைந்தவை. உள்ளே எரிவது அமெரிக்காவின் எஃப்404. அதற்கென்று 1989இல் தொடங்கிய காவிரி என்ஜின் திட்டம் 2008இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. பவானியையும் ஈரோட்டையும் தொட்டு ஓடும் ஆற்றின் பெயர் கொண்ட என்ஜின், சூலூர் ஓடுபாதையில் இன்னும் ஒரு தேஜஸையும் தூக்கவில்லை.

இதை யாரையும் குறைசொல்லச் சொல்லவில்லை. விமான என்ஜின் செய்வது உலகில் சில நாடுகளுக்கே கைவந்த வித்தை. ஆனால் பொறியியல் கல்லூரிகள் தெருவுக்குத் தெரு இருக்கும் இந்த ஊரில், மாணவர்கள் கட்டும் பெரிய மாடல் விமானத்தில் வெளிநாட்டு என்ஜினைத்தான் மாட்டப்போகிறோம் என்றாலும், ப்ரொப்பெல்லரைத் தாங்களே கணக்குப் போட்டு, மரத்தில் செதுக்கி, தராசில் கட்டி இழுத்துப் பார்த்து, மூன்று அளவுகளை ஒப்பிட்டால் போதும். கொல்லையில் லேத்தும், தெருக்கோடியில் காயில் கட்டும் கடையும் இருக்கும் ஊர் இது. ஆகிற செலவு ஒரு நல்ல பலகையும் இரண்டு சனிக்கிழமைகளும்தான்.