வட்டுக்கோட்டையின் இரு மொழிகள்

ஆங்கிலம் வந்தால் தமிழ் தேயும் என்ற அச்சத்துக்கு யாழ்ப்பாணத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேறொரு விடை தருகிறது. அமெரிக்க மிசன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. 1841இல் வெளிவந்த உதயதாரகையும் இருமொழிப் பத்திரிகைதான். செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரியானார். 1887இல் ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிக் கலித்தொகையை அச்சேற்றியவரும் அவரே.

ஆங்கிலம் படித்தோர் உத்தியோகத்தைத் தேடி ஓடினார்களே என்பது நியாயமான மறுப்பு. மிசன் மேலிடமே அப்படிக் குறைப்பட்டது; 1855இல் செமினரியும் மூடப்பட்டது. ஆனால் குறை ஆங்கிலத்தில் இல்லை, தமிழுக்கு வேலை கொடுக்காததில்தான். மானிப்பாயில் அதே மிசனின் மருத்துவர் கிறீன் முதலில் மருத்துவத்தை ஆங்கிலத்தில் கற்பித்தார். பிறகு தமிழுக்கு மாறினார். அங்காதிபாதமும் (உடற்கூற்றியல்) இரணவைத்தியமும் (அறுவை மருத்துவம்) தமிழ்ப் பாடநூல்களாயின. அவற்றை ஆக்க உதவிய மாணவர்களுக்கு இரு மொழிகளும் தேவைப்பட்டன.