நியம்கிரி கிராம சபைத் தீர்மானங்கள், 2013

நியம்கிரி என்பது ஒடிசா மாநிலத்தின் ராயகடா, களஹாண்டி மாவட்டங்களில் அமைந்துள்ள மலைத்தொடராகும். டோங்ரியா கோந்த், குட்டியா கோந்த் பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். இம்மலை நியமராஜா என்னும் தெய்வத்தின் உறைவிடம் என்பது அவர்களின் நம்பிக்கை. மலையுச்சியில் உள்ள பாக்சைட் தாதுவை வெட்டியெடுக்கலாமா என்ற கேள்விக்கு 2013இல் 12 கிராம சபைகள் விடை கூறின. மக்களிடம் கருத்துக் கேட்பது வேறு, அவர்களின் ஒப்புதலைப் பெறுவது வேறு என்பதை இந்நிகழ்வு இந்தியாவில் தெளிவாக்கியது.

பின்னணி

மலையடிவாரத்தில் உள்ள லாஞ்சிகரில் வேதாந்தா குழுமம் அலுமினா ஆலையை அமைத்தது. அதற்கான பாக்சைட்டை ஒடிசா சுரங்கக் கழகத்தின் வழியாக நியம்கிரியிலிருந்து பெறுவது திட்டம். சுரங்கத்துக்கு அனுமதி கிடைக்கும் முன்பே ஆலை கட்டப்பட்டுவிட்டது. 2008இல் சுமார் 660 ஹெக்டேர் வனநிலத்தைச் சுரங்கத்துக்கு வழங்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனினும் மத்திய அரசின் இறுதி அனுமதி எஞ்சியிருந்தது.

1996ஆம் ஆண்டின் பெசா சட்டம், பழங்குடிப் பகுதிகளில் நிலம் கையகப்படுத்தும் முன் மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. ஆலோசனைக்குப் பின் அரசு தன் விருப்பப்படியே முடிவெடுக்க அதில் இடமுண்டு. வன உரிமைச் சட்டம், 2006 இதைவிட ஒரு படி மேலே சென்று, தம் பண்பாட்டு, இயற்கை மரபைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளித்தது. வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கிராம சபையின் ஒப்புதல் தேவை என்று 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றறிக்கை வெளியிட்டது. 2010இல் என். சி. சக்சேனா குழுவின் அறிக்கைக்குப் பின், அமைச்சகம் நியம்கிரிக்கு இறுதி அனுமதியை மறுத்தது.

தீர்ப்பும் தீர்மானங்களும்

மறுப்பை எதிர்த்து ஒடிசா சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. 18 ஏப்ரல் 2013 அன்று வெளியான தீர்ப்பு, சுரங்கம் மக்களின் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே ஆராய வேண்டும் என்றது. மாவட்ட நீதிபதி நிலையிலான ஒருவர் கூட்டங்களைப் பார்வையிடவும் பணித்தது.

மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் இருந்தும், மாநில அரசு 12ஐ மட்டுமே தேர்ந்தெடுத்தது. இது விமர்சனத்துக்கு உள்ளானது. ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூடிய அந்த 12 சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. 2014 ஜனவரியில் அமைச்சகமும் திட்டத்தைக் கைவிட்டது.

தாக்கம்

இத்தீர்ப்பு எல்லாச் சுரங்கங்களுக்கும் பொருந்தும் மறுப்பதிகாரத்தைக் கிராம சபைகளுக்கு வழங்கிவிடவில்லை. இறுதி முடிவு அமைச்சகத்திடமே விடப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள், வன உரிமைச் சட்டம் பின்பற்றப்படுவதை உறுதிசெய்யும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டன. மத்திய அனுமதிக்கு முன்பே ஒப்புதல் பெறும் நடைமுறை இதனால் வலுவிழக்கிறது என்ற எதிர்ப்பு எழுந்தது. அனைத்தும் முடிவான பின் கேட்கப்படும் ஒப்புதலில், மறுப்பதற்கு இடம் குறைவு. நியம்கிரியில் அந்தக் கேள்வி, மலை வெட்டப்படும் முன்பே மக்களிடம் சென்றது.